வரகனேரி முதல் பெல்லாரி வரை: வ.வே.சு. ஐயரின் இலக்கியப் பணியும் அடக்குமுறைப் பின்புலமும்

ஆய்வுச்சுருக்கம்

திருச்சிராப்பள்ளி வரகனேரியில் பிறந்த வ.வே.சு. ஐயர் (1881–1925) விடுதலைப் போராட்ட வீரராகவும் தமிழ்ச் சிறுகதை முன்னோடியாகவும் அறியப்படுபவர். அவருடைய முதன்மையான இலக்கிய ஆக்கங்கள் பெரும்பாலும் இரண்டு அடைபட்ட காலங்களில் தோன்றின. ஒன்று, 1910 முதல் 1920 வரையிலான புதுவை வாழ்வு. மற்றொன்று, 1921–22ஆம் ஆண்டுகளின் பெல்லாரிச் சிறைவாசம். அடக்குமுறை அவருடைய எழுத்தின் வகை, மொழி, வாசகர், குரல் ஆகியவற்றை எவ்வாறு தீர்மானித்தது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. ‘குளத்தங்கரை அரசமரம்’ என்னும் கதை, திருக்குறள் ஆங்கில மொழிபெயர்ப்பு, கம்பராமாயணம் பற்றிய ஆங்கில ஆய்வு நூல் ஆகிய மூன்றும் இங்கு முதன்மைச் சான்றுகளாகின்றன. சேரன்மாதேவி குருகுலச் சிக்கலும் இவ்வாக்கங்களின் எல்லையை உணர்த்தும் நிகழ்வாகக் கருதப்படுகிறது.

திறவுச்சொற்கள்: வ.வே.சு. ஐயர், அடக்குமுறை, சிறை இலக்கியம், கம்பராமாயண ஆய்வு, குளத்தங்கரை அரசமரம், திருவரங்கம், சேரன்மாதேவி குருகுலம்.

1. முன்னுரை

சிறையில் பிறந்த நூல்களைப் போற்றும் மரபு தமிழில் வலுவாக உண்டு. வ.உ.சி. சிறையிலிருந்தபடியே நூல்கள் ஆக்கியதும், வ.வே.சு. ஐயர் பெல்லாரியில் கம்பனை ஆராய்ந்ததும் விடுதலைப் போராட்ட வரலாற்றின் பெருமிதப் பக்கங்களாக எடுத்துரைக்கப்படுகின்றன. இப்பெருமிதத்தில் ஒரு குறை உண்டு. சிறையை அது இலக்கியத்தின் கொடையாளியாகக் காட்டிவிடுகிறது. அடக்குமுறை ஓர் எழுத்தாளருக்கு எதை எழுத இடமளித்தது, எதை எழுதவிடாமல் தடுத்தது, எழுதியதை யாரிடம் சேரவிடாமல் நிறுத்தியது என்னும் வினாக்கள் அப்பெருமிதத்தின் நிழலில் மறைந்துபோகின்றன.

ஐயரைப் பற்றிய நூல்கள் பெரும்பாலும் வாழ்க்கை வரலாறுகளே. அவருடைய நெருங்கிய தோழரான டாக்டர் டி.எஸ்.எஸ். ராஜன் எழுதிய நூலும், ரா.அ. பத்மநாபன் எழுதிய வரலாறும் நிகழ்ச்சிகளைச் சிறப்பாகத் தொகுத்துத் தந்துள்ளன. ஆனால் வாழ்வையும் ஆக்கத்தையும் பிணைத்து, ஒன்றின் வடிவம் மற்றொன்றில் எவ்வாறு பதிந்தது என நோக்கும் திறனாய்வு குறைவு. அந்நோக்கே இக்கட்டுரையின் களம்.

2. காவிரியின் இரு கரைகள்

வரகனேரி, திருச்சி நகரின் ஒரு பகுதி. காவிரியைக் கடந்தால் திருவரங்கம். ஐயர் 1881 ஏப்ரல் 2 அன்று வரகனேரியைச் சேர்ந்த வேங்கடேச ஐயரின் மகனாகப் பிறந்தார். திருச்சி புனித வளனார் கல்லூரியில் பயின்று பட்டம் பெற்றார். அங்கு அவர் பெற்ற இலத்தீன் பயிற்சி பின்னாளில் வர்ஜிலைக் கம்பனோடு ஒப்பிட உதவியது. வழக்கறிஞர் தேர்வில் தேறித் திருச்சியில் சிறிது காலம் தொழில் நடத்தினார். பின்னர் இரங்கூன் சென்று, அங்கிருந்து 1907இல் பாரிஸ்டர் படிப்புக்காக இலண்டன் சேர்ந்தார்.

மறுகரையான திருவரங்கத்தில் 1880இல் பிறந்தவர் டி.எஸ்.எஸ். ராஜன். மருத்துவம் பயில இலண்டன் சென்ற அவரும் ஐயரும் அங்கே ‘இந்தியா ஹவுஸ்’ என்னும் இல்லத்தில் சாவர்க்கர் முதலியோருடன் பழகினர். ராஜனின் ‘நினைவு அலைகள்’ அக்காலத்தைப் பதிவுசெய்யும் தமிழ் நூல்களுள் குறிப்பிடத்தக்கது. இருவரும் ஒரே ஆற்றின் இரு கரைகளிலிருந்து புறப்பட்டு, ஒரே இல்லத்தில் கூடி, வெவ்வேறு வழிகளில் திரும்பினர். ராஜன் மருத்துவராகத் தாயகம் திரும்பிப் பின்னர் சென்னை மாகாண அமைச்சராகவும் பணியாற்றினார். ஐயருக்கோ நேர்வழியில் திரும்ப இயலவில்லை. 1909 ஜூலை 1 அன்று மதன்லால் திங்ரா இலண்டனில் கர்சன் வில்லியைச் சுட்டுக் கொன்றார். 1910 மார்ச்சில் சாவர்க்கர் கைதானார். ஐயர் இலண்டனை விட்டுப் பாரிஸ் சென்று, மாறுவேடத்தில் பயணம் செய்து, அதே ஆண்டில் பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுவையை அடைந்தார்.

புதுவைக்கும் திருச்சிக்கும் இடையே பெருந்தொலைவு இல்லை. எனினும் எல்லையைத் தாண்டினால் கைது என்ற நிலையில், பிறந்த ஊர் பத்தாண்டுகள் அவருக்கு எட்டாததாயிற்று.

3. புதுவை: எழுத்துக்கு எஞ்சிய வெளி

1908 முதல் புதுவையில் வாழ்ந்த பாரதியார் ‘இந்தியா’ இதழை அங்கிருந்து வெளியிட்டு வந்தார். இலண்டனிலிருந்து ஐயர் அனுப்பிய கடிதங்களும் அவ்விதழில் வெளியாயின. பிரிட்டிஷ் இந்தியாவுக்குள் அதன் வரவு தடுக்கப்பட்டதால் 1910இல் இதழ் நின்றது. அவ்வாண்டின் அச்சகச் சட்டம் பிரிட்டிஷ் பகுதியில் அரசியல் எழுத்துக்கு இருந்த வாயில்களை மேலும் குறுக்கியது. 1911 ஜூன் 17 அன்று மணியாச்சியில் ஆஷ் கொல்லப்பட்ட பின் புதுவை அகதிகள் மீதான உளவு கடுமையாயிற்று. முதல் உலகப் போர்க்காலத்தில் அவர்களைப் புதுவையிலிருந்து அகற்றி ஆப்பிரிக்காவிலுள்ள பிரெஞ்சுப் பகுதிக்கு அனுப்பும் முயற்சியும் நடந்தது.

இந்நிலையில் ஐயரின் எழுத்து, தணிக்கைக்கு அகப்படாத வகைகளை நாடியது. சிறுகதை, வாழ்க்கை வரலாறு, மொழிபெயர்ப்பு, திறனாய்வு என அவர் கைக்கொண்டவை யாவும் நேரடி அரசியல் உரையாடலுக்கு வெளியே உள்ளவை. கரிபால்டி, நெப்போலியன், குரு கோவிந்தசிங் ஆகியோரைப் பற்றிய வரலாறுகளில் அரசியல் நோக்கம் வெளிப்படை. கதைகளிலும் திறனாய்விலும் அந்நோக்கம் அவ்வளவு எளிதில் புலப்படுவதில்லை. எனவே அவற்றை அரசியலிலிருந்து ஒதுங்கிய பணி என்று கொள்வோரும், மறைமுக அரசியல் என்று கொள்வோரும் இருக்கலாம். இவ்விரு முடிவுகளும் ஆக்கங்களின் உள்ளமைப்பை நோக்காமல் எடுக்கப்படுபவை.

அக்காலத்து இலக்கிய உறவுக்கு ஒரு சான்று, பாரதியாரின் ‘கண்ணன் பாட்டு’ இரண்டாம் பதிப்புக்கு (1919) ஐயர் எழுதிய முன்னுரை. தம் காலத்துக் கவிஞர் ஒருவரைப் பக்தி மரபின் பெருங்கவிகளுக்கு அருகில் வைத்து மதிப்பிடும் துணிவு அதில் உண்டு. பாரதி இன்னும் பரவலான ஏற்பைப் பெறாத காலம் அது. அவ்வகையில் அம்முன்னுரை நவீன தமிழ்த் திறனாய்வின் தொடக்கக் குறிப்புகளுள் ஒன்றாகிறது.

4. பேசும் மரமும் பேசாத கணவனும்

‘குளத்தங்கரை அரசமரம்’ 1915இல் ‘விவேகபோதினி’ இதழில் வெளிவந்தது. அதில் இருந்த ஆசிரியர் பெயர் ஐயருடையது அன்று. அவர் மனைவி பாக்கியலட்சுமி அம்மாளின் பெயர். கண்காணிப்பிலுள்ள ஒருவரின் கதை பிரிட்டிஷ் பகுதியில் வெளிவரும் இதழில் இடம்பெற இப்பெயர் மாற்றம் துணைசெய்தது எனக் கொள்ளலாம். பின்னர் அது ‘மங்கையர்க்கரசியின் காதல்’ தொகுதியில் சேர்ந்தது. தாகூரின் வங்கக் கதையொன்றில் படித்துறை கதை சொல்லும் உத்தியோடு இதற்குள்ள ஒற்றுமையை ஆய்வாளர் பலரும் சுட்டியுள்ளனர். உத்தி கடனாக இருக்கலாம். அவ்வுத்தி இக்கதையில் ஆற்றும் பணி எது என்பதே திறனாய்வுக்குரிய வினா.

கதையின் நாயகி ருக்மிணி. அவள் தந்தை காமேசுவரையர் செல்வத்தை இழக்கிறார். அவ்விழப்புக்குக் காரணம், 1906இல் சென்னையில் வீழ்ந்த ஆர்பத்நாட் வங்கி. ஆங்கில வணிக நிறுவனத்தின் சரிவு ஒரு சிற்றூர்ப் பெண்ணின் மணவாழ்வைக் குலைக்கிறது. காலனியப் பொருளாதாரத்தைப் பற்றி வாதம் எதுவும் கதையில் இல்லை. ஆனால் துயரத்தின் வேர் அங்கே ஊன்றப்பட்டிருக்கிறது. செல்வம் போனதும் புகுந்த வீட்டார் ருக்மிணியின் கணவன் நாகராஜனுக்கு வேறு பெண் பார்க்கின்றனர். நாகராஜன் மனைவியைக் கைவிட எண்ணவில்லை. திருமணத்துக்கு இசைவதுபோல் நடித்து, இறுதி நேரத்தில் மறுத்துப் பெற்றோருக்குப் பாடம் கற்பிக்க எண்ணுகிறான். அத்திட்டத்தை ருக்மிணியிடம் அவன் முழுமையாகச் சொல்லவில்லை. அவள் குளத்தில் மூழ்கி உயிர் துறக்கிறாள். அவன் துறவியாகிறான்.

இக்கதையைப் பெண்ணின் அவலம் பற்றிய சமூகச் சீர்திருத்தக் கதையாகவே பெரும்பாலும் வாசித்துள்ளனர். அவ்வாசிப்பு பொருத்தமானதே. எனினும் கதையின் பேரவலத்துக்கு நேரடிக் காரணம் பெற்றோரின் பேராசை மட்டுமன்று. நல்லெண்ணம் கொண்ட ஒருவன் தன் திட்டத்தை மறைத்துவைத்ததும் காரணம். நாகராஜனின் நோக்கம் தூயது, முறை மறைவானது, அதன் விலையைச் செலுத்தியவள், திட்டத்தில் பங்கு பெறாத ருக்மிணி. இலண்டனிலும் புதுவையிலும் மறைவியக்கத்தில் வாழ்ந்த ஒருவர் இக்கதையை எழுதியிருக்கிறார் என்பதை நினைவில் கொண்டால், அந்த மறைவின் மீதான ஐயம் கதையின் அடியோட்டமாகத் தோன்றுகிறது. ஆசிரியர் இதை எண்ணியே எழுதினார் எனத் துணிய வேண்டியதில்லை. கதையின் காரண காரியத் தொடர் அவ்வாறு அமைந்துள்ளது என்பதே போதும்.

மரம் அனைத்தையும் காண்கிறது, கேட்கிறது. ஆனால் உரிய வேளையில் ஒரு சொல்லும் சொல்ல அதற்கு இயலாது. நிகழ்ந்து முடிந்த பிறகு கதை சொல்வதே அதன் வாய்ப்பு. எல்லைக்கு அப்பால் நின்று தன் நாட்டில் நிகழ்வனவற்றைக் காணும் அகதியின் நிலையும் இதுவே. கதைசொல்லியாக மரத்தைத் தேர்ந்தது அழகுக்காக மட்டும் செய்யப்பட்டதன்று. சாட்சியாக இருக்கலாம், தலையிட முடியாது என்னும் நிலைக்கு அது ஏற்ற வடிவம்.

5. குறள் மொழிபெயர்ப்பும் வாசகர் சிக்கலும்

திருக்குறள் முழுமைக்கும் ஐயர் செய்த ஆங்கில உரைநடை மொழிபெயர்ப்பு 1916இல் வெளிவந்தது. நாடு கடத்தப்படும் அச்சம் சூழ்ந்த போர்க்காலத்தில் இப்பணி நடந்தது. அவருக்கு முன் ஜி.யு. போப் செய்யுளில் மொழிபெயர்த்திருந்தார். ஐயர் உரைநடையைத் தேர்ந்து, பழைய ஆங்கில விவிலியத்தின் நடையை நினைவூட்டும் மொழியைக் கையாண்டார். இத்தேர்வு நோக்கமுடையது. ஆங்கில வாசகர் மறைநூலுக்குரியதாக மதித்த நடையில் ஒரு தமிழ் நூல் பேசும்போது, அதன் தகுதி பற்றிய வாதம் தனியே தேவைப்படுவதில்லை.

இங்கு ஒரு முரண் எழுகிறது. ஆங்கில அரசைக் கருவியேந்தியும் எதிர்க்க முனைந்தவர், தம் மொழியின் பெருமையை ஆங்கில வாசகர் முன் நிறுவப் பாடுபடுகிறார். அக்காலத்தில் நூலின் தகுதியை வழங்கும் அதிகாரமும் ஆங்கிலத்திடமே இருந்தது என்பதை இது காட்டுகிறது. அரசியல் ஆதிக்கத்தை மறுத்தவரும் மதிப்பீட்டு ஆதிக்கத்தின் மொழியிலேயே வழக்காட வேண்டியிருந்தது.

6. பெல்லாரியில் கம்பன்

போருக்குப் பின் வந்த பொதுமன்னிப்பை அடுத்து 1920இல் ஐயர் பிரிட்டிஷ் இந்தியாவுக்குத் திரும்பினார். திரு.வி.க. தொடங்கி நடத்திய ‘தேசபக்தன்’ நாளிதழின் ஆசிரியர் பொறுப்பை ஏற்றார். அடக்குமுறையைக் கண்டித்து அதில் வெளிவந்த ஒரு தலையங்கத்துக்காக 1921இல் அரசத்துரோகக் குற்றம் சாட்டப்பட்டு ஒன்பது மாதச் சிறைத்தண்டனை பெற்றார். அத்தலையங்கம் அவர் எழுதியதன்று, ஆசிரியர் என்ற முறையில் பொறுப்பேற்றார் என்று வரலாற்றாசிரியர் கூறுவர். பத்தாண்டுகள் பிடிபடாதிருந்தவரைச் சிறைக்கு அனுப்பியது இறுதியில் ஒரு சொற்பத்தியே.

பெல்லாரிச் சிறையில் அவர் எழுதிய கம்பராமாயண ஆய்வு, காப்பியக் கட்டமைப்பு, பாத்திரப் படைப்பு, கவிதை நயம் ஆகியவற்றை முறையாக ஆராய்ந்து, தேர்ந்த பகுதிகளை ஆங்கிலத்தில் தந்து, ஹோமர், வர்ஜில், மில்டன், வால்மீகி ஆகியோரோடு கம்பனை ஒப்பிடுகிறது. அவர்களையும் கம்பன் விஞ்சுகிறான் என்பதே அவருடைய முடிவு. இம்முடிவை இன்றைய ஒப்பிலக்கிய நெறி ஏற்காது. காப்பியங்களை வரிசைப்படுத்தி முதலிடம் வழங்கும் முறை பழமையானது. ஆயினும் ஆய்வின் வலிமை முடிவில் இல்லை. செல்லும் வழியில் உள்ளது. பாடல்களைத் தனித்தனியே எடுத்து வியப்பது அன்றைய மரபு. ஐயர் அதனின்று விலகிக் காப்பியத்தை ஒரே கட்டுமானமாகப் பார்த்தார். பாத்திரம் ஒன்றைக் காப்பியம் முழுவதும் தொடர்ந்து சென்று மதிப்பிடும் முறையைத் தமிழுக்கு ஏற்படுத்தித் தந்தவர்களுள் அவர் முதன்மையானவர்.

கம்பன் தேர்வுக்கு ஊர்ப்பின்னணியும் பொருந்துகிறது. கம்பராமாயணம் அரங்கேறிய இடம் திருவரங்கம் என்பது தொன்றுதொட்ட மரபு. தாயார் சந்நிதிக்கு முன்னுள்ள கம்பர் மண்டபம் இன்றும் அந்நினைவைத் தாங்கி நிற்கிறது. அரங்கேற்றக் காலம் பற்றி ஒன்பதாம் நூற்றாண்டு என்றும் பன்னிரண்டாம் நூற்றாண்டு என்றும் கருத்து வேறுபாடு உண்டு. மரபுக் கதையில் குறிப்பிடத்தக்கது வேறொன்று. கம்பன் எளிதில் அரங்கேற்ற இயலவில்லை. பலரிடம் ஒப்புதல் பெற்றுவர அலைக்கழிக்கப்பட்டான். வால்மீகியில் இல்லாத இரணியன் வதைப்படலத்தை அவன் பாடியது தடையாக எழுந்தபோது மேட்டழகிய சிங்கர் தலையசைத்து ஏற்றருளினார் என்பது அக்கதை. இது வரலாற்றுச் சான்று ஆகாது. ஆயினும் பெருநூல் ஒன்று அதிகாரத்தின் ஒப்புதலுக்காகக் காத்து நின்றதைத் தமிழ்ச் சமூகம் மறவாது சொல்லி வந்திருக்கிறது.

இரணியன் கதையின் பொருளும் நோக்கத்தக்கது. தன் பெயரையே ஓத வேண்டும் என ஆணையிடும் அரசனும், வேறு பெயரைச் சொல்லும் சிறுவனும் மோதும் கதை அது. இராவணனுக்கு அறிவுரையாக வீடணன் வாயிலாகக் கம்பன் அதனைச் சொல்ல வைத்தான். ஆட்சியாளர் குடிமக்களின் நாவை ஆள முற்படும் எக்காலத்துக்கும் பொருந்தும் பகுதி இது. சொல்லுக்காகச் சிறைப்பட்டவர் கையில் இக்காப்பியம் இருந்தது என்பது பொருளற்ற தற்செயல் அன்று.

ஆனால் நூலின் பின்வரலாறு துயரமானது. ஐயர் வாழ்நாளில் அது அச்சேறவில்லை. தில்லித் தமிழ்ச் சங்கம் 1950இல்தான் அதனை வெளியிட்டது. எழுதி முடித்து ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கழிந்திருந்தன. இடையில் 1939இல் காரைக்குடிக் கம்பன் கழகம் தோன்றிவிட்டது, டி.கே.சி.யின் இரசனை முறை வேரூன்றிவிட்டது. கம்பனை எதிர்த்து அண்ணாவின் ‘கம்பரசம்’ எழுந்தது. இவ்விவாதங்கள் சூடாக நடந்தபோது ஐயரின் முழு ஆய்வு வாசகர் கையில் இல்லை. ‘பாலபாரதி’ இதழில் அவர் எழுதிய ‘கம்பராமாயண ரசனை’ மட்டுமே தமிழில் அவர் குரலை ஓரளவு தந்தது. அடக்குமுறையின் இழப்புக் கணக்கில் இத்தாமதத்தையும் சேர்க்க வேண்டும்.

7. ஓர் ஒப்பீடு: தாஷ்கண்டும் பெல்லாரியும்

ஐயரின் நிலையைத் தெளிவாக உணர உஸ்பெக் இலக்கியம் உதவும். சோல்பான், ஃபித்ரத், கோதிரி ஆகிய மூவரும் ஏறத்தாழ அதே தலைமுறையினர். சோல்பான் கவிஞர், ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட்டை உஸ்பெக் மொழிக்குக் கொண்டுவந்தவர். கோதிரி உஸ்பெக் நாவலின் முன்னோடி. மூவரும் 1938 அக்டோபர் 4 அன்று தாஷ்கண்டில் சோவியத் அரசால் சுட்டுக்கொல்லப்பட்டனர். அவர்களுடைய நூல்களும் வாசகரிடமிருந்து அகற்றப்பட்டன.

இரு அடக்குமுறைகளின் இயல்பு வேறு. சோவியத் அரசு இலக்கியத்தை மிகுந்த கவனத்தோடு வாசித்தது. கவிதையின் உவமையிலும் தேசியத்தைத் தேடியது. ஆகவே அங்கே இலக்கியத்துக்குள் ஒதுங்கவும் இடமில்லை. பிரிட்டிஷ் அரசு தலையங்கத்தை வாசித்தது, காப்பியத்தை வாசிக்கவில்லை. கம்பனைப் பற்றிய ஆய்வால் தன் ஆட்சிக்கு ஆபத்து நேரும் என அது கருதவில்லை. ஐயருக்குக் கிடைத்த வெளி, அரசின் பெருந்தன்மையால் கிடைத்ததன்று. தமிழிலக்கியத்தின் மீது அதற்கிருந்த அலட்சியத்தால் கிடைத்தது. அந்த அலட்சியத்துக்கே அவருடைய ஆய்வு மறுமொழியாகவும் அமைந்தது.

8. திருச்சி 1925: எல்லையின் வெளிப்பாடு

விடுதலைக்குப் பின் ஐயர் தமிழ்க் குருகுலம் நிறுவினார். சேரன்மாதேவியில் இயங்கிய அக்குருகுலத்துக்குத் தமிழ்நாடு காங்கிரசும் நிதி வழங்கியது. அங்கு இரு பிராமண மாணவர்க்குத் தனியே உணவளிக்கப்பட்டது வெளிப்பட்டபோது, பெரியார் ஈ.வெ.ரா., டாக்டர் வரதராஜுலு நாயுடு முதலியோர் கடுமையாக எதிர்த்தனர். பெற்றோருக்குத் தந்த வாக்கால் அவ்வாறு செய்ததாக ஐயர் விளக்கினார். அவ்விளக்கம் எதிர்ப்பைத் தணிக்கவில்லை. 1925 ஏப்ரல் இறுதியில் தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டி கூடியது திருச்சிராப்பள்ளியில்தான். பிறப்பின் அடிப்படையில் உயர்வு தாழ்வு பாராட்டுதல் தேசிய இயக்க நிறுவனங்களில் கூடாது என்னும் எஸ். இராமநாதனின் தீர்மானம் அங்கு நிறைவேறியது. ஐயர் குருகுலப் பொறுப்பிலிருந்து விலகினார்.

இந்நிகழ்வைத் தனியே ஒதுக்கிவைத்து இலக்கியப் பணியை மட்டும் போற்றுவது முறையாகாது. உலகக் காப்பியங்களின் பந்தியில் கம்பனுக்குச் சம இடம் கேட்டவர், தம் பள்ளியின் பந்தியில் அச்சமத்துவத்தை நிலைநாட்டத் தவறினார். நாகரிகங்களுக்கு இடையிலான ஏற்றத்தாழ்வை அவர் கூர்மையாகக் கண்டார். சமூகத்துக்குள் இருந்த ஏற்றத்தாழ்வை ஒரு வாக்குறுதியின் அளவில் எதிர்கொள்ளலாம் என எண்ணினார். ‘குளத்தங்கரை அரசமரம்’ சுட்டிய உண்மை இங்கும் பொருந்துகிறது. நல்லெண்ணம் உடையவரின் தனி உடன்பாடு, அதில் பங்கு பெறாத பிறரையே காயப்படுத்தியது.

1925 ஜூன் தொடக்கத்தில், பாபநாசம் அருவிப் பகுதியில் நீரில் விழுந்த மகளைக் காப்பாற்ற முயன்று ஐயர் உயிர் துறந்தார். அப்போது அவருக்கு வயது 44. குருகுல விவாதத்துக்குப் பிந்தைய அவருடைய சிந்தனை எவ்வாறு வளர்ந்திருக்கும் என்பதற்கு எழுத்துச் சான்று எஞ்சாமற் போயிற்று.

9. முடிவுரை

மேற்கண்டவற்றால் பெறப்படுவன: ஐயரின் இலக்கிய வகைத் தேர்வு பெருமளவு அடக்குமுறை விட்டுவைத்த இடைவெளிகளால் அமைந்தது. புனைபெயர், மரக்குரல், ஆங்கில மொழி ஆகியவை அவ்விடைவெளிகளின் தழும்புகள். அவருடைய கதை மறைவின் விலையைப் பேசுகிறது. மொழிபெயர்ப்பும் ஆய்வும் மதிப்பீட்டு அதிகாரத்தோடு வழக்காடுகின்றன. பெல்லாரி அவருக்கு ஒன்பது மாத ஓய்வையும் எழுதும் வாய்ப்பையும் தந்தது உண்மை. ஆனால் அச்சூழலில் பிறந்த நூல் தமிழ்த் திறனாய்வுக்கு மிகவும் தேவைப்பட்ட ஆண்டுகளில் கையெழுத்துப்படியாகவே கிடந்தது. சிறையைக் கொடையாளியாகப் போற்றும் மரபு இக்கணக்கைத் திருத்திக்கொள்ள வேண்டும். ஐயரைப் போற்றுவோர் 1925 திருச்சித் தீர்மானத்தையும், அவரை மறுப்போர் 1921–22 பெல்லாரிப் பக்கங்களையும் சேர்த்தே வாசிப்பது, அவ்வெழுத்துக்கு நேர்மையான மதிப்பீடாகும்.